இலோயிலோவிலயும் ஸ்காபரோவிலயும் வாயில வரக்கூடிய ஒரு பெண்பிள்ளைப் பேர் வேணும்

சோழகம் (ஸ்காபரோ, கனடா)

எல்லாருக்கும் வணக்கம். என்ர மனுசி பிலிப்பைன்ஸ், இலோயிலோ பக்கம். நான் வல்வெட்டித்துறை. எங்களுக்குக் கார்த்திகையில பிள்ளை பிறக்க இருக்கு. பெண்பிள்ளை எண்டு சொல்லிப்போட்டினம்.

ஒரு விசயத்தை முதலே சொல்லிவிடுறன், ஏனெண்டால் எல்லாரும் அதைத்தான் கேப்பீங்கள். பிள்ளையின்ர கடைசிப் பேர் என்ர அப்பாவின்ர பேர். நல்ல நீளமான தமிழ்ப் பேர். ஆயுளுக்கும் பிள்ளையோட வரும். அதால முதற்பேர் தாயின்ர பக்கத்துப் பேரா இருக்கட்டும் எண்டு கலியாணத்துக்கு முதலே கதைச்சு வச்சது. அதில எனக்கு முழு விருப்பம்.

சிக்கல் வேற. என்ர மாமிக்கு 74 வயசு. இலோயிலோவை விட்டு அதிகம் வெளிய போகாத ஆள். வீட்டில அந்தப் பக்கத்துப் பாசை ஹிலிகாய்னொன்தான். போன ஞாயிறு வீடியோ கோலில எங்கட பட்டியலை வாசிச்சுக் காட்டினம். ஃபையோனா எண்டது "பியோனா" ஆச்சு. வயலெட் "பயோலெட்" ஆச்சு. மாமி பிழையாச் சொல்லுறன் எண்டு தெரிஞ்சு திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தா. எனக்கு மனசு கேக்கேல்ல. தன்ர பேரப்பிள்ளையின்ர பேரைச் சொல்ல ஒருத்தி வெக்கப்படக் கூடாது.

மற்றப் பக்கமும் இருக்கு. மனுசிக்குச் சின்ன வயசில இருந்து "லுனிங்னிங்" எண்ட பேரில ஆசை. ஒளிர்வு எண்டு அர்த்தம். நான் வேலையில நாலு பேரிட்டச் சொல்லிப் பார்த்தன். ஒருத்தராலயும் அந்த ரெண்டு "ங்"கையும் தாண்ட ஏலேல்ல. எங்களுக்கு அது ஒண்டுமில்லை, "சங்கு", "மாங்காய்" எண்டு சொல்லுற வாய். இங்கத்தை ரீச்சருக்கு அப்பிடி இல்லை.

ரெண்டு இடத்திலயும் முழுசாச் சொல்லக்கூடிய பேர் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

---

லீட்ஸ்_அக்கா

தம்பி, வாழ்த்துகள். நான் நாகர்கோவில்காரி, இங்க ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்கேன். பதினாலு வருஷமா பிலிப்பினோ நர்ஸுங்களோடதான் ராத்திரி ஷிப்ட். அவங்க பேரோட பாடு எல்லாம் பக்கத்தில இருந்து பார்த்திருக்கேன்.

முதல்ல ரெண்டு எச்சரிக்கை. "லோலா" உங்க பட்டியல்ல இருந்தா எடுத்திடுங்க. இங்க இங்கிலாந்தில சின்னப் பிள்ளைகளுக்கு நிறைய வைக்கிற பேர், கேக்க அழகா இருக்கும். ஆனா அங்க லோலான்னா பாட்டி. தொட்டில்ல கிடக்கிற குழந்தையை உங்க மாமி "பாட்டி"ன்னு கூப்பிடணும். இன்னொண்ணு, இங்க எல்லாரும் விரும்பி வைக்கிற "ஐலா". எழுதுறப்ப நடுவுல ஒரு எஸ் இருக்கு, வெள்ளைக்காரங்க அதை விழுங்கிடுவாங்க. பிலிப்பினோக்காரங்க எழுதினபடி "இஸ்லா"ன்னு வாசிப்பாங்க, அவங்களுக்கு அது தீவு. அர்த்தம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரே பிள்ளைக்கு ரெண்டு பேர் ஆயிடும்.

செல்லப் பேரையும் பாருங்க. இங்க சாதாரணமா "கிக்கி"ன்னு சுருக்குவாங்க. மணிலாப் பக்கத்து மொழியான டகாலோக்ல அது சபையில சொல்ல முடியாத சொல். என்கூட வேலை செய்யற பொண்ணுதான் என் காதுல மெதுவா சொன்னா.

அங்க இருந்து இங்க வர்ற பேருக்கும் இதே கஷ்டம் உண்டு. பர்த் சர்டிபிகேட்லயே "கேர்லி", "பேபி"ன்னு பேர் இருக்கிற அம்பது வயசு நர்ஸுங்க இருக்காங்க. அங்க அது பாசமா வைக்கிற பேர். இங்க நோயாளிங்க அந்த அட்டையைப் பார்த்துட்டு எப்படிக் கூப்பிடறதுன்னு தயங்குவாங்க. இருபது வருஷம் அனுபவம் உள்ள அம்மாவை "பேபி"ன்னு கூப்பிட அவங்களுக்குக் கூச்சம். "போங்" அங்க ஆம்பளைங்களுக்கு ரொம்பச் சாதாரணமான செல்லப் பேர். இங்கிலீஷ்ல அது கஞ்சா புகைக்கிற குழாய்.

என் யோசனை: எஃப், வி, ஸெட், "த்" காத்தோட வர்ற டி.எச், இந்த நாலும் இல்லாத பேரா எடுங்க. லியா, பியா, மாயா, எலேனா, மீலா, லூனா. பிலிப்பினோப் பாடகி லியா சலோங்கா 1989-ல லண்டன் மேடைக்கு வந்தவங்க, இங்க பெரியவங்களுக்கு அந்தப் பேர் பழக்கம்தான்.

---

கராமா_வாசி (துபாய்)

அக்கா சொல்றதுல ஒரு திருத்தம். பிலிப்பைன்ஸ்ல இங்கிலீஷும் ஆட்சி மொழி. என் மனைவிக்கு ஊர் அங்க செபு. எஃப்பும் வியும் என்னைவிட சுத்தமா சொல்வாங்க. இப்ப அங்க பிறக்கிற பொண்ணுங்களுக்கு "ஆல்தியா"ன்னு எவ்வளவு பேர் வைக்கிறாங்க! அதுலயே டி.எச் இருக்கு. இளசுங்க வாய்க்கு இது ஒரு பிரச்சினையே இல்லை, வயசானவங்க வாய்க்குத்தான். அதுக்கும் காரணம் இருக்கு. 1940 வாக்கில அமைச்ச "அபகாடா" நெடுங்கணக்குல 20 எழுத்துதான். எஃப், வி, ஸெட் எதுவும் கிடையாது. 28 எழுத்து ஆனது 1987-ல. உங்க மாமி பள்ளிக்கூடம் போனது அந்த 20 எழுத்துக் காலம்.

ஆனா சோழகம் அண்ணா, நீங்க இன்னும் யோசிக்காத ஒண்ணைச் சொல்றேன். முதற்பேரைவிட நடுப்பேர்தான் உங்களை அலைய விடும்.

அங்க ஒருத்தரோட பேர் மூணு பகுதி. முதல்ல வச்ச பேர். நடுவுல அம்மாவோட பிறந்த வீட்டுக் குடும்பப்பேர். கடைசியில அப்பாவோட குடும்பப்பேர். இங்கிலீஷ்காரங்க ஃபாரத்துல "நடுப்பேர்"னா ரெண்டாவதா வச்ச பேர்னு அர்த்தம். வார்த்தை ஒண்ணு, பொருள் வேற. எங்க முதல் பையனுக்கு நாங்க இதைக் கவனிக்கலை. ஒரு தாள்ல அம்மா குடும்பப்பேர் நடுவுல இருந்தது, இன்னொண்ணுல இல்லவே இல்லை. ஒரு விமான நிலையத்துல நாலு மணி நேரம் பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு நின்னோம், ரெண்டு தாள்லயும் இருக்கிறது ஒரே ஆள்தான்னு நிரூபிக்க. என் மனைவி அன்னிக்கு அழுதாங்க. "என் பேர் இருந்ததாலதானே இந்தக் கஷ்டம்"னாங்க. எனக்கு அது இன்னிக்கும் வலிக்குது.

---

சோழகம்

கராமா தம்பி, இது எனக்குத் தெரியாது. நன்றி.

எங்களுக்கு இனிசல் முன்னுக்கு, அதுவும் அப்பாவின்ரது. அவையளுக்கு நடுவில, அதுவும் அம்மாவின்ர குடும்பம். மனுசியிட்டக் கேட்டன். "எங்கட அம்மாக்களின்ர பேர் தாளில இருந்து மறையிறதே இல்லை" எண்டா. என்ர அம்மாவின்ர பேர் என்ர ஒரு பாஸ்போட்டிலயும் இல்லை. அதை நினைச்சுக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தன்.

ஆனா இவவின்ர குடும்பப்பேர் ஸ்பானியப் பேர். இவையில ஸ்பானியரும் இல்லை. அது எப்பிடி?

---

ஏட்டுச்சுவடி (புதுச்சேரி)

அதற்கு ஒரு அரசாணைதான் காரணம். 1849 நவம்பர் 21 அன்று ஸ்பானிய ஆளுநர் நார்சீசோ கிளாவெரியா ஓர் ஆணை பிறப்பித்தார். அதுவரை அங்கே பெரும்பாலானோருக்குத் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பப்பெயர் கிடையாது. அண்ணனுக்கு ஒரு பெயர், தம்பிக்கு வேறு பெயர் என்று இருக்கும். "தே லா குரூஸ்", "தே லோஸ் சாந்தோஸ்" போன்ற பக்திப் பெயர்களைப் பலரும் தாமாகவே சூட்டிக்கொண்டார்கள். வரி வசூலுக்கும் கணக்கெடுப்புக்கும் இது இடைஞ்சல். ஆகவே அகரவரிசையில் ஒரு பெரிய பெயர்ப்பட்டியல் அச்சிட்டு மாகாணங்களுக்கு அனுப்பினார்கள். குடும்பத் தலைவர்கள் அதிலிருந்து பெயர் பெற்றார்கள். சில ஊர்களுக்கு ஒரே எழுத்தின் பக்கங்கள் போய்ச் சேர்ந்தன. அல்பாய் மாகாணத்து ஓவாஸ் ஊரில் இன்றும் "ஆர்" எழுத்தில் தொடங்கும் குடும்பப்பெயர்கள்தான் மிகுதி. பட்டியலில் ஸ்பானியச் சொற்கள் மட்டும் இல்லை, உள்ளூர்ச் சொற்களும் இருந்தன.

குடும்பப்பெயர் ஆணையால் வந்தது. முதற்பெயர் தேவாலயத்தால் வந்தது. பிறந்த நாளுக்கு உரிய புனிதர் யாரோ அவர் பெயர். பிறகு அமெரிக்கர்கள் வந்து அரை நூற்றாண்டு ஆண்டார்கள், ஜானும் மேரியும் மார்க்கும் வந்தன. ஒரே மூச்சில் ஸ்பானியமும் ஆங்கிலமும் கலந்த பெயர் அவர்களுக்கு இயல்பாக இருப்பது இதனால்தான். நீங்கள் தேடும் பெயரில் பாதி ஏற்கெனவே அவர்கள் வீட்டில் இருக்கிறது.

எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்தவை ஸ்பானியருக்கு முந்தைய சொற்கள். தாலா என்றால் விண்மீன். ஹிராயா கற்பனை. மலாயா என்றால் சுதந்திரமான (நாட்டின் பெயர் அல்ல, டகாலோக் சொல்). முத்யா என்றால் முத்து, மணி. கேட்டவுடன் நம் காதுக்கும் தெரியும். திவாதா என்ற தேவதையும் "தேவதா"வேதான். தமிழ்ப் பெயரே வேண்டாம் என்று சோழகம் சொன்னாலும், வங்காள விரிகுடா தாண்டிப் போன சொற்கள் அங்கே ஏராளம்.

---

லீட்ஸ்_அக்கா

முத்யாவை இங்க பலருக்குத் தெரியும்! சுகபேப்ஸ் குழுவுல பாடின முத்யா புயேனாவோட அப்பா பிலிப்பினோ. இங்க "மூட்டியா"ம்பாங்க. நான் அதைக் கேக்கறப்ப எல்லாம் எங்க ஊர்ல முத்துன்னு கூப்பிடற பிள்ளைங்க ஞாபகம் வரும்.

---

கராமா_வாசி

ஒரு விஷயம். தாலா, மலாயா, ஹிராயா எல்லாம் டகாலோக். இலோயிலோ அம்மாவுக்கு டகாலோக் புரியும், ஆனா அது அவங்க தாய்மொழி இல்லை. எங்க வீட்ல இதுல பெரிய மனஸ்தாபமே வந்தது. "பிலிப்பினோப் பேர்"னு சொல்லி நான் ஒரு பட்டியல் கொண்டு போனேன். மாமனார் பார்த்துட்டு, "இதெல்லாம் மணிலாக்காரங்க பேர்"னுட்டார். டகாலோக்ல சூரியன் "ஆராவ்". செபுவானோ, ஹிலிகாய்னொன் ரெண்டுலயும் "அட்லாவ்". சில சொல் ரெண்டுலயும் இருக்கும், பொருள் மாறிடும். "லங்கம்"னா டகாலோக்ல எறும்பு, செபுவில பறவை. ஆசையா பறவைன்னு நினைச்சு வச்சா மணிலாவுல எறும்பு.

கடைசியில எங்க பெரியவனுக்கு எலியாஸ்னு வச்சோம். அங்க தேசிய வீரரா மதிக்கிற ரிசால் எழுதின நாவல்ல வர்ற படகோட்டி, அங்க படிச்ச எல்லாருக்கும் தெரியும். பைபிள்லயும் உண்டு. இங்கிலீஷ்ல "இலையஸ்"னு கொஞ்சம் வளைப்பாங்க, ஆனா எழுத்து மாறாது. என் மாமனார் இன்னிக்கும் முழுசா "எலியாஸ்"னு கூப்பிடறப்ப குரல்ல ஒரு கம்பீரம் வரும்.

---

மெல்பர்ன்_மயில்

நான் அதிகம் எழுதுவதில்லை. என் தமிழில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், அப்பா சொல்லிக் கொடுத்ததுதான்.

நீங்கள் பேர் தேடுகிற குழந்தைதான் நான். அப்பா திருச்சி, அம்மா பத்தாங்காஸ். என் பெயர் லிகாயா. மகிழ்ச்சி என்று பொருள். முதல் வகுப்பில் ஆசிரியை மூன்று முறை முயன்றார். பிறகு அம்மாவிடம் அர்த்தம் கேட்டார். "அப்படியானால் ஜாய் என்று கூப்பிடலாமே, அதேதானே" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அம்மாவும் சரி என்றார். அன்றிலிருந்து பள்ளியில், கல்லூரியில், முதல் வேலையில் நான் ஜாய்.

அதே அர்த்தம்தான். ஆனால் அதே பெயர் இல்லை. லிகாயா என்று கூப்பிட்டால் நான் வீட்டில் இருக்கிறேன், ஈரத்தலையோடு, அம்மா கூப்பிடுகிறார். ஜாய் என்றால் வெளியில் இருக்கிறேன். பாட்டி இறந்தபோது ஊருக்குப் போக விடுப்பு கேட்டு எழுதிய கடிதத்தில் "ஜாய்" என்று கையெழுத்துப் போட்டேன். பாட்டிக்கு ஜாய் என்று யாரையும் தெரியாது. 31 வயதில்தான் அலுவலகத்தில் எல்லாரிடமும் என் பெயரை மாற்றிச் சொன்னேன். ஒரே வாரத்தில் எல்லாரும் சரியாகச் சொன்னார்கள். ஒரு வாரம்தான் ஆனது. அதை என் ஆறு வயதில் யாராவது கேட்டிருக்கலாம்.

அதனால் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். "பள்ளிக்கு ஆங்கிலப் பேர், வீட்டுக்கு பிலிப்பினோப் பேர், இரண்டாவது பேராக வைத்துவிடலாம்" என்று பலர் சொல்வார்கள். இரண்டாவதாக வைத்தால் அது பெட்டியில் வைத்த புடவை மாதிரி. யாரும் உடுத்த மாட்டார்கள்.

---

லீட்ஸ்_அக்கா

லிகாயா, தப்பே இல்லாத தமிழ்மா. படிச்சு கண்ணு கலங்கிடுச்சு.

நீ சொன்ன ரெண்டாவது பேர் விஷயம் நூத்துக்கு நூறு உண்மை. அங்க ஆம்பளைப் பிள்ளைங்களுக்கு ஜான் பால், ஜான் மைக்கேல், ஜான் கார்லோன்னு வைப்பாங்க. பொண்ணுங்களுக்கு மேரி கிரேஸ், மேரி ஜேன். ரெண்டும் சேர்ந்தாத்தான் ஒரு பேர். இங்க கம்ப்யூட்டர் முதல் சொல்லை மட்டும் எடுத்துக்கும். எங்க வார்டுல ஒரு அண்ணன் தம்பி. பள்ளிக்கூட ரிஜிஸ்டர்ல ரெண்டு பேருமே வெறும் "ஜான்". "மரியா"வை எம், ஏ-ன்னு ரெண்டு இங்கிலீஷ் எழுத்தும் ஒரு புள்ளியுமா சுருக்கி சர்டிபிகேட்ல எழுதற பழக்கமும் அங்க உண்டு. இங்க அந்த ரெண்டு எழுத்தையே பேர்னு நினைச்சு "மா"ன்னு கூப்பிட்டிருக்காங்க ஒருத்தியை, வருஷக்கணக்கா. சேத்து வைக்கிறதா இருந்தா இடைவெளி விடாம ஒரே சொல்லா எழுதுங்க, சுருக்காதீங்க.

---

திருநெல்வேலி_தாத்தா

அப்பா அம்மா பெயரைச் சேர்த்துப் புதுப் பெயர் பண்ணுகிற வழக்கம் அவர்களிடம் உண்டு என்று கேள்விப்பட்டேன். அதையும் யோசிக்கலாமே?

---

ஏட்டுச்சுவடி

உண்டு ஐயா. நாட்டின் முப்பெரும் பகுதிகளான லுசோன், விசாயாஸ், மின்தானாவ் மூன்றையும் சேர்த்து "லுஸ்விமிண்டா" என்று ஒரு தலைமுறைப் பெண்களுக்கே பெயர். 2010 முதல் 2016 வரை துணை அதிபராக இருந்தவர் ஜெஜோமார் பினாய். ஜீசஸ், ஜோசப், மேரி மூன்றின் தொடக்க எழுத்துகளை (ஜெ-ஜோ-மார்) சேர்த்த பெயர். மிக அழகான வழக்கம். நாட்டையே ஒரு பெண்ணின் பெயருக்குள் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பெயர்களின் பொருள் கேட்பவருக்கு அந்த நாடு தெரிந்திருக்க வேண்டும். ஸ்காபரோ வகுப்பறையில் அது வெறும் நீளமாகிவிடும் என்று அஞ்சுகிறேன்.

"ஜே" எழுத்தையும் கவனியுங்கள். ஸ்பானியப் பெயரில் அது "ஹ". ஹைமே என்று அங்கே அழைக்கப்படுபவர் கனடாவில் ஜேமி. ஆங்கிலப் பெயரில் அதே எழுத்து "ஜ". ஜே இல்லாத பெயர் நிம்மதி.

நடுப்பெயர் பற்றிக் கராமா சொன்னதற்கு ஒரு வழக்குச் சான்று. பிலிப்பைன்ஸ் சிறுவன் ஒருவன் சிங்கப்பூரில் படிக்கப்போகிறான். அங்கே அப்படி நடுப்பெயர் வைக்கும் வழக்கம் இல்லை, தாயின் குடும்பப்பெயரில் உள்ள "ர"வைச் சொல்லவும் மாண்டரின் பேசுகிறவர்களுக்கு வராது, பிள்ளை கேலிக்கு ஆளாவான், எனவே நடுப்பெயரை நீக்கித் தாருங்கள் என்று மனு. 2005 மார்ச்சில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. வசதி மட்டுமே காரணமாகாது, தாய்வழி எது என்று காட்டும் பெயர் அது என்பது தீர்ப்பின் சாரம். ஆகவே பிலிப்பைன்ஸ் பதிவில் தாயின் பெயர் போகாது. அதை இடைஞ்சல் என்று எண்ணாமல், கனடாத் தாளிலும் தொடக்கத்திலேயே சேர்த்துவிடுவது நல்லது.

---

கராமா_வாசி

அதேதான். பிள்ளை கனடாவுல பிறந்தாலும் அம்மா பிலிப்பைன்ஸ் குடியுரிமையில இருந்தா பிள்ளைக்கும் உண்டு, 1987 அரசமைப்புல இருக்கு. தூதரகத்துல பிறப்பைப் பதிவு பண்ணணும். அந்தத் தாளும் கனடாத் தாளும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகணும். அங்க முதற்பேரை மாத்த 2001-க்கு அப்புறம் கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை, பதிவாளர் அலுவலகத்துலயே மனு போடலாம். ஆனா நல்ல காரணம் காட்டணும். முதல்லயே சரியா எழுதிட்டா இந்த அலைச்சலே இல்லை. வீட்டுக்காரம்மா இன்னும் பிலிப்பைன்ஸ் பாஸ்போர்ட்டா?

---

சோழகம்

ஓம், இன்னும் அதுதான். பிள்ளைக்கும் பதிவம்.

மாயா எண்டு லீட்ஸ் அக்கா சொன்னது எனக்கு உடன பிடிச்சது. மூண்டு பக்கமும் வரும். மனுசி தலையை ஆட்டினா. அங்க மாயா எண்டால் வயல்ல வந்து நெல் தின்னுற சிட்டுக்குருவி. அவவின்ர அப்பா கமக்காரன். சின்ன வயசில இவவின்ர வேலையே விடியப்புறம் தகரம் தட்டி மாயாவைத் துரத்துறது. "நான் துரத்தினதை என்ர பிள்ளைக்கு வைக்க மாட்டன்" எண்டா. நான் ஒண்டும் கதைக்கேல்ல. எங்கட பக்கம் வெங்காயத் தோட்டத்தில நாங்களும் உப்பிடிச் சின்னப்பிள்ளையில நிண்டிருக்கிறம், ஆருக்கும் அது ஆசையான நினைவில்லை.

எலேனா, லியா ரெண்டும் மாமிக்கு நல்ல வடிவா வருது. மனுசிக்கு எலேனாவில அரை விருப்பம். லிகாயா தங்கச்சி எழுதினதை அவவுக்கு மொழிபெயர்த்து வாசிச்சுக் காட்டினன். அதுக்குப் பிறகு அந்த அரை விருப்பமும் இல்லை.

---

லீட்ஸ்_அக்கா

அப்ப மாமி மொழியிலயும் இருக்கிற, டகாலோக்லயும் இருக்கிற சொல் ஒண்ணு தேடுங்க. கடல், காத்து, மழை மாதிரி. பொதுவா இருக்கும்.

---

மெல்பர்ன்_மயில்

அமிஹான்?

வடகிழக்குப் பருவக்காற்று. அக்டோபர், நவம்பரில் தொடங்கி மார்ச் வரை வீசும். குளிர்ந்த, இதமான காற்று. தென்மேற்குக் காற்று ஹபகாத், அதில்தான் பெருமழையும் புயலும். அம்மாவுக்கு ஹபகாத் என்றால் பயம். அமிஹான் வந்துவிட்டது என்றால் துணி காயும், கிறிஸ்துமஸ் வரும். இலோயிலோ இருக்கிற விசாயாப் பக்கமும் அதே சொல்தான். நடு அசையை அழுத்தி "அ-மீ-ஹான்". ஆங்கிலத்தில் சொல்ல முடியாத ஒலி ஒன்றும் இல்லை. சுருக்கினாலும் "ஆமி" என்று வரும், அது அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பேர். ஜாய் மாதிரி மொழிபெயர்ப்பு இல்லை, அதே பெயரின் துண்டு.

---

சோழகம்

லிகாயா, நான் இதை வேலையில இருந்து வாசிச்சன். என்ர இந்தத் தளத்துப் பேரைப் பாருங்கோ. சோழகம். எங்கட ஊரில தெற்கில இருந்து வாற காத்து. அது அடிக்கிற காலத்தில கடல் ஒரு மாதிரி. பிறகு வாடை. வாடையும் வடகிழக்குத்தான், கார்த்திகையில மழையோட வரும். அப்பா கடலுக்குப் போனவர், வீட்டில மாசத்தைச் சொல்ல மாட்டார், காத்தைத்தான் சொல்லுவார். அமிஹானும் வாடையும் ஒரே காத்து.

இரவு மனுசியிட்டச் சொல்லுறன்.

---

கராமா_வாசி

ஒரு தகவலுக்காக: அங்க ரொம்பப் பிரபலமான ஒரு மாயக்கதை டிவி தொடர்ல அரசியோட பேர் அமிஹான். இந்தத் தலைமுறை கேட்டா உடனே அதுதான் ஞாபகம் வரும். கெட்ட பேர் இல்லை, நல்ல அரசிதான். ஆனா தெரிஞ்சுக்கிட்டு வைங்க.

---

திருநெல்வேலி_தாத்தா

நல்ல பெயர். எனக்கும் வாயில் வருகிறது.

---

சோழகம் (ஏழு கிழமைக்குப் பிறகு)

பிள்ளை பிறந்திட்டா. தாயும் பிள்ளையும் சுகம். மூண்டு கிலோ நூறு கிராம்.

பேர் அமிஹான். முதற்பேரே அதுதான், அதுக்கு முன்னுக்கு ஒண்டும் போடேல்ல. பிரசவம் பார்த்த தாதி முதல் தரம் "அமிஹன்" எண்டா. நான் நடுவில அழுத்தவேணும் எண்டு ஒருக்காச் சொன்னன். ரெண்டாந் தரம் சரியாச் சொன்னா. அதுக்குப் பிறகு கட்டிலில கிடந்த அட்டையில தானே மேல கோடு போட்டு, எந்த அசையை அழுத்தவேணும் எண்டு அடுத்த ஷிப்ட் ஆக்களுக்குக் குறிச்சு விட்டிட்டுப் போனா. கேக்காமலே செய்தது. அந்த அட்டையை எடுத்து வச்சிருக்கிறம்.

ஒன்ராறியோப் பதிவில ரெண்டாவது பேரா மனுசியின்ர குடும்பப்பேரைப் போட்டம், கடைசியில என்ர அப்பாவின்ர பேர். கனடாப் பாஸ்போட்டில நடுப்பேருக்கெண்டு தனிப் பெட்டி இல்லை, வச்ச பேர்களோட சேர்ந்துதான் அவவின்ர குடும்பப்பேர் வரும். தூதரகத் தாளில நடுப்பேர்ப் பெட்டியில வரும். ரெண்டிலயும் அதே எழுத்து, அதே வரிசை. கராமா தம்பி, நீர் சொல்லாட்டி இதைக் கட்டாயம் பிழை விட்டிருப்பன்.

மாமியிட்ட வீடியோவில காட்டினம். ஒரு தரத்திலயே "அமிஹான்" எண்டா. பிறகு கொஞ்ச நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு இருந்திட்டு "இன்தாய்" எண்டு கூப்பிடத் தொடங்கிட்டா. அங்க பெண்பிள்ளைகளை எல்லாரும் கூப்பிடுற சொல்லாம், எங்கட "பிள்ளை" மாதிரி. இப்ப ஒவ்வொரு நாளும் "இன்தாய்"தான். மனுசியையும் சின்னனில அப்பிடித்தான் கூப்பிட்டவவாம்.

என்ர அம்மா பருத்தித்துறையில இருந்து கேட்டா, "என்னடா பேர்?" எண்டு. "வாடை, அம்மா. அவையின்ர பாசையில" எண்டு சொன்னன். "இஞ்சையும் இண்டைக்குத்தான் தொடங்கினது" எண்டா.